கனகசெட்டிக்குளம்: கோடை முடியும் நாளில் மணல் தோட்டங்கள்

புதுச்சேரிக் கரையோரத்துக் காய்கறித் தோட்டங்களில் கோடை ஒரே நாளில் முடிந்துபோவதில்லை. அக்கினி நட்சத்திரம் வைகாசி நடுவில் கழிந்துவிடும், வெயில் கழியாது. ஆனியில் மேல்காற்று தூசியும் அனலுமாக வீசும். ஆடியில் அதே காற்று பலத்து, கடற்காற்று கரையேறுவதைப் பிற்பகல் வரை தள்ளிப்போடும். ஆவணியில் மேற்கே கருத்துத் திரளும் மேகம் சில மாலைகளில் இடியோடு இறங்கி, சில மாலைகளில் வெறும் மின்னல் காட்டிவிட்டுப் போகும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரையான இந்த மூன்று மாதங்கள்தான் தோட்டக்காரருக்குக் கோடைக் கடைசி. மாசி, பங்குனியில் போட்ட செடிகள் கடைசிக் காய்ப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஆடிப்பட்டத்து விதை அதே கொல்லையில் அடுத்த பாத்தியில் விழுந்துகொண்டிருக்கும். அறுவடையும் விதைப்பும் இப்படி ஒரே வேலிக்குள் நடப்பதைப் பார்க்க விரும்புகிறவர் கனகசெட்டிக்குளத்துக்கு இந்தப் பருவத்தில்தான் போக வேண்டும்.

ஊர் புதுச்சேரி நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பொம்மையார்பாளையமும் தமிழ்நாடுதான். பிள்ளைச்சாவடியில் மறுபடியும் புதுச்சேரி வந்துவிடும். அங்கிருந்து சின்னக் காலாப்பட்டு, பெரிய காலாப்பட்டு, 1985இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகத்தின் நீண்ட மதில், கணபதிசெட்டிக்குளம், கடைசியாகக் கனகசெட்டிக்குளம். அதற்கு வடக்கே கூனிமேடு, மரக்காணம் என்று மீண்டும் விழுப்புரம் மாவட்டம். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1இல் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி முடிந்தபோதும் இந்தத் துண்டு துண்டான எல்லை அப்படியே நிலைத்தது. பேருந்தில் போகிறவருக்கு எல்லையைக் காட்டுவது பெரும்பாலும் கடைப் பலகைகளும் வண்டிகளின் பதிவெண்களும்தான். மண்ணுக்கும் காற்றுக்கும் அந்த எல்லை கிடையாது. கூனிமேட்டுக் கத்திரியும் கனகசெட்டிக்குளத்துக் கத்திரியும் ஒரே மணலில் வளர்கின்றன.

நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள மேற்கிலிருந்து கிழக்காக நடக்க வேண்டும். மேற்கே, ஆரோவில் பக்கமாக உயர்ந்து நிற்பது செம்மண் மேடு. கடலூர் மணற்கல் என்று நிலவியலார் சொல்லும் பாறை சிதைந்து உண்டான மண் அது. மழை அதை ஆழமான ஓடைகளாக அரித்து வைத்திருக்கிறது. முந்திரி அங்கே நன்றாக வரும். சாலையை நெருங்க நெருங்கச் செம்மண்ணில் மணல் கலக்கிறது. சாலைக்குக் கிழக்கே தென்னையும் சவுக்கும், அவற்றுக்கு இடையிடையே வீடுகளும் கொல்லைகளும். அதற்கப்பால் மீனவர் குடியிருப்பு, படகு, வலை, கடல். ஒருவர் நிதானமாக நடந்தாலும் சிறிது நேரத்தில் முடிந்துவிடும் இந்தக் குறுக்குவெட்டில் காய்கறிக்கு உகந்தது நடுவிலுள்ள பட்டைதான். செம்மண் சத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் வெயிலில் இறுகிவிடும். கடலோர மணல் வேருக்கு இளக்கமானது, ஆனால் சத்தும் நீரும் அதில் நிற்காது. இரண்டும் கலந்த இடத்தில் மண்வெட்டி எளிதாக இறங்குகிறது, எருவும் அவ்வளவு விரைவில் கரைந்துபோவதில்லை.

இந்தத் தோட்டங்கள் உயிரோடிருப்பதற்குக் காரணம் மணலுக்கு அடியிலுள்ள நல்ல தண்ணீர். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, சில அடி தோண்டினால் குடிக்கத் தகுந்த நீர் கிடைப்பது வெளியூர்க்காரருக்கு வியப்பாக இருக்கும். மழைநீர் மணல் வழியே இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் தங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. ஆகவே இரண்டும் சட்டென்று கலந்துவிடுவதில்லை. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைபென் என்ற டச்சுக்காரரும் அவருக்குச் சில ஆண்டுகள் கழித்து ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்ட கணக்கு. அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். மேலே 1 அடி நீரை இறைத்துத் தாழ்த்தினால், கீழே உப்புநீர் 40 அடி மேலேறி வரும்.

மேல்நீரை மட்டும் அள்ளும் பழைய ஊற்றுக்குழியும் உறைக்கிணறும் இந்த மண்ணுக்குப் பொருந்திய அமைப்புகள். ஊற்றுக்குழி அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்கும். சரிவாக வெட்டிய படியில் இறங்கிக் குடத்தையோ பூவாளியையோ முக்கி எடுக்கலாம். ஓர் ஆள் அள்ளும் அளவுக்கு மேல் அதிலிருந்து எடுக்க முடியாது. எடுத்தது இரவில் ஊறிவிடும். ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டன. கோடைக் கடைசியில், மழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கும்போது, நீர் மட்டம் ஆண்டிலேயே மிகத் தாழ்ந்திருக்கும். அப்போது இரவெல்லாம் மோட்டார் ஓட்டினால் நீரில் உப்பு ஏறும். கொத்தவரை தாங்கும், ஆனால் கத்திரி இலை ஓரம் கருகும், அவரை பூ உதிர்க்கும். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே செடி சொல்லிவிடும். இந்தக் கரையில் தோட்டம் போடுகிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடமே அளவோடு இறைப்பதுதான். நல்ல விதையும் நல்ல எருவும் அதற்குப் பிறகே வரும்.

இங்கே தோட்டத்தின் அளவு குழிக்கணக்கில் பேசப்படுகிறது. 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாகப் புதுச்சேரிப் பத்திரங்களில் நிலம் ஹெக்டேர், ஆர், செண்டியார் என்று எழுதப்படும்; சாலையில் சில அடி வடக்கே தள்ளியிருக்கும் தமிழ்நாட்டு நிலம் ஏக்கரிலும் சென்டிலும் பேசப்படும். 10 குழிக் கொல்லை பத்திரத்தில் 5 ஆர் 35 செண்டியார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காய்கறிக் கொல்லைக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. 4, 5 குழி இருந்தால் ஒரு குடும்பத்தின் கறிக்கும் அக்கம்பக்கத்துக்கும் காணும்.

இதே அளவை ஐரோப்பாவும் வேறு வழியில் கண்டடைந்தது. இங்கிலாந்தில் நிலமற்ற உழைப்பாளிகளுக்குக் காய்கறி போட ஊராட்சிகள் சிறு துண்டு நிலங்களை வாடகைக்கு விடும் ஏற்பாட்டை 1908ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தியது. அங்கே வழக்கமான துண்டு 10 ராடு, அதாவது சுமார் 250 சதுர மீட்டர். நம் கணக்கில் 5 குழிக்குச் சற்றுக் குறைவு. பிரான்சில் ஆலைத் தொழிலாளர்களுக்குத் தோட்டத் துண்டு கொடுக்கும் இயக்கத்தை 1896இல் ழூல் லெமிர் என்ற பாதிரியார் தொடங்கினார். புதுச்சேரியிலும் அப்போது பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது, நூற்பாலைகளும் இருந்தன. ஆனால் இங்கே உழைப்பாளிக்குக் காய்கறி கொடுத்தது வீட்டுக் கொல்லைதான். யாரும் அளந்து கொடுத்த தோட்டமல்ல. அதனால்தான் அது எந்தப் பதிவேட்டிலும் தோட்டமாக எழுதப்படவில்லை, மனை விலை ஏறும்போது அதைக் காக்க எந்தச் சட்டமும் இல்லை.

ஐரோப்பியத் தோட்டக்காரருக்கு ஆகஸ்ட் என்பது குவியும் மாதம். பீன்ஸும் தக்காளியும் உருளையும் ஒரே சமயத்தில் வந்து குவியும். அடுத்து உறைபனி வந்து எல்லாவற்றையும் முடித்துவிடும், ஆகவே வந்ததையெல்லாம் பறித்துப் பதப்படுத்தி அடுக்க வேண்டும். கனகசெட்டிக்குளத்தில் செடியைக் கொல்லும் குளிர் கிடையாது. இங்கே தோட்டத்தை நிறுத்துவது ஐப்பசி, கார்த்திகை மழை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அந்த வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். ஆகவே இங்கே கோடைக் கடைசி அறுவடை கைப்பிடியாக, ஒருநாள் விட்டு ஒருநாள் நடக்கிறது. குவித்துக் காட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் கூடை ஒருநாளும் வெறுமையாகத் திரும்புவதில்லை.

கோடையில் மணலில் பாத்தி பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழே பள்ளமாகப் பாத்தி அமைப்பார்கள். மேடாக அமைத்தால் காற்று நான்கு பக்கமும் உலர்த்திவிடும். பள்ளத்தில் ஊற்றிய தண்ணீர் வேரைத் தேடிப் போகும். கொடிவகைக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி, முழங்கை ஆழம். குழியின் அடியில் தேங்காய் மட்டையை நார்ப்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அதன் மேல் மக்கிய எருவும் மண்ணும் போடுவார்கள். மட்டை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள்பட விடும். தென்னந்தோப்புக் கரையில் மட்டைக்குப் பஞ்சமில்லை என்பதால் இதற்குக் காசும் ஆகாது. பாத்தியின் மேல் தென்னங்கீற்றையோ சவுக்குச் சருகையோ பரப்பினால் மணல் சுடாது. உச்சிவெயிலில் மூடாத மணலில் காலை வைக்க முடியாது. வெண்டையின் மேல்வேர் அதே மணலில்தான் இருக்கிறது என்பதை நினைத்தால் மூடாக்கின் அருமை தெரியும்.

எருவுக்கு இந்த ஊரில் இரண்டு ஊற்று. ஒன்று மாட்டுச் சாணமும் ஆட்டுப் புழுக்கையும். அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போடும் பழக்கம் இந்தப் பக்கத்துக்குப் பொது. கோடையில் வற்றிய குளத்து வண்டலையும் அள்ளிக் கொட்டுவார்கள். வண்டலில் உள்ள களிதான் மணலுக்குப் பிடிப்புத் தருவது. மற்றொன்று கடலிலிருந்து வருவது. விலைபோகாத மீனும் தலை, செதில், குடல் கழிவும் தென்னையின் தூரில் புதைக்கப்படும். காய்கறிக்கு அதே கழிவை வெல்லத்தோடு சம எடையில் கலந்து மூடி வைத்து, சில வாரங்கள் கழித்து வடித்தெடுக்கும் கரைசலான மீன் அமிலத்தைத் தண்ணீரில் நிறைய நீர்த்துத் தெளிப்பார்கள். நாற்றம் முற்றிலும் போயிருந்தால்தான் அது பக்குவம். நல்ல பக்குவத்தில் அதில் பழுத்த பழ வாசனை வரும்.

அறுவடையில் நெடுநேரம் நின்று பார்க்கத் தகுந்தது வெண்டை. விதைத்து 45 நாளில் பறிப்புத் தொடங்கும். மாசியில் போட்ட வெண்டை ஆனியில் தலைக்கு மேல் வளர்ந்து, உச்சியில் மட்டும் பூத்துக்கொண்டிருக்கும். வைகாசியில் போட்டது இடுப்பளவு நின்று நிறையக் காய்க்கும். பூ மலர்ந்திருப்பது ஒரே பகல். மாலையில் சுருங்கி, மறுநாள் உதிரும். அடுத்த ஐந்தாறு நாளில் காய் விரல் நீளம் தாண்டிவிடும். அந்த நாளில் பறிக்க வேண்டும். இரண்டு நாள் விட்டால் நார் ஏறிவிடும். பறிப்பது விடியலில், கறிக்கு வெட்டுவதற்கு முன்னால். வெயில் ஏறினால் காயின் சுணை கையிலும் கழுத்திலும் அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை போட்டு, விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள். பிஞ்சா முற்றலா என்று சந்தேகம் வந்தால் நுனியை ஒடித்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. ஆனால் தோட்டக்காரர் நுனியை ஒடிப்பதில்லை. ஒடித்த காயைச் சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள். அவர் காயின் நடுவை இரண்டு விரலால் மெல்ல அழுத்துவார். பிஞ்சு வளைந்து கொடுக்கும், முற்றல் எதிர்க்கும். முற்றிய காய் கண்ணில் தப்பி இலைக்குப் பின்னால் நின்றுவிட்டாலும் அதையும் வெட்டி எடுத்தே ஆக வேண்டும். விதை முற்றத் தொடங்கிவிட்டால் செடி புதுப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

கத்திரியில் கைக்கு முன்னால் கண் வேலை செய்கிறது. பளபளப்பு உள்ள வரை இளசு. தோல் மங்கினால் உள்ளே விதை பழுத்துவிட்டது. நாற்றங்காலில் ஒரு மாதம், நட்ட பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் என்று மூன்று மாதம் காத்திருந்த பிறகே முதல் காய் வரும் என்பதால் கத்திரியை ஒரு காய்ப்போடு பிடுங்கிப் போடுவது வீண். கோடைக் காய்ப்பு ஓய்ந்து, இலை சிறுத்த செடியை ஆனிக் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, தூரைக் கொத்தி எரு வைத்துத் தண்ணீர் விட்டால் ஆவணியில் புதுக்கிளை விட்டுப் பூக்கும். மறுதாம்புக் காய் சற்றுச் சிறியதாக இருக்கும், ருசியில் குறையாது. தெற்கே கடலூர் மாவட்டத்திலுள்ள பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.எல்.ஆர். கத்திரி வகைகள் இந்த வட்டாரத்துக்கென்றே தேர்ந்தவை. அவற்றோடு ஊர்க்கத்திரிகளும் கொல்லைகளில் நிற்கின்றன.

பந்தல் காய்களைப் பார்க்க மாலையில் போக வேண்டும். பீர்க்கின் மஞ்சள் பூ வெயில் தாழ்ந்த பிறகே விரியும். புடலின் வெள்ளைப் பூ இருட்டிய பிறகு, நூல் நூலாகப் பிரிந்த விளிம்போடு மலரும். சுரையும் மாலைப்பூதான். இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்காக மலரும் பூக்கள் இவை. பரங்கிப் பூவோ விடியலில் விரிந்து, வெயிலுக்கு முன் தேனீயை எதிர்பார்க்கும். எல்லாக் கொடியிலும் முதலில் வருவது ஆண் பூ. அடியில் குட்டிக் காயோடு வரும் பெண் பூ பின்னால்தான் வரும். மேல்காற்று பலமாக வீசும் ஆடியில் பூச்சி குறைந்து, பிஞ்சு மஞ்சளாகி உதிர்வதுண்டு. அப்போது ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுவது பலன் தரும். புடல் பிஞ்சு சுருளாமல் நேராக இறங்க நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பந்தலின் கீழே கல் கட்டிய புடல்கள் வரிசையாக இறங்கியிருக்க, அவற்றுக்கு நடுவே குனிந்து நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பறிக்கும் வேலை அவசரத்துக்கு உட்படாது. பீர்க்கில் நகம் இறங்கினால் பறிக்கலாம். பாகலை மஞ்சள் தட்டுவதற்குள் பறித்தாக வேண்டும். பரங்கியும் சாம்பல் பூசணியும் மட்டும் இதற்கு விலக்கு. காம்பு காயட்டும், பூசணி மேல் வெண்சாம்பல் படியட்டும் என்று விட்டுவைத்துப் பறித்தால் மழைக்காலம் முழுவதும் பரணில் கெடாமல் இருக்கும்.

கொத்தவரை மணலுக்கென்றே பிறந்த பயிர். தண்ணீர் குறைந்தாலும் கவலைப்படாது. கொத்தில் அடிக்காய் முதலில் பருக்கும் என்பதால் கீழிருந்து மேலாகப் பறிக்க வேண்டும். கீரையில் முளைக்கீரை மூன்றரை வாரத்தில் வேரோடு பிடுங்கப்படும். அரைக்கீரையை அறுத்தால் தழைக்கும், திரும்பத் திரும்ப அறுக்கலாம். வேலியில் நிற்கும் முருங்கை கோடை முழுவதும் காய்த்து ஓய்ந்து, ஆடியில் இலையைத்தான் அதிகம் கொடுக்கும். மிளகாயில் பச்சைக்குப் பறித்தது போக மிஞ்சியது செடியிலேயே சிவந்து, பிறகு மாடியில் காயும்.

இந்த மண்ணுக்கென்று சில தொல்லைகளும் உண்டு. மணற்பாங்கான நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு பெருகும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு வெண்டை, கத்திரி, கொடி வேர்களில் கொட்டை கொட்டையாக முடிச்சு உண்டாக்கி, செடியை நண்பகலில் வாட வைக்கும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றிப் பயனில்லை. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அந்தப் பாத்தியை அக்கினி வெயிலில் கொத்திப் புரட்டிக் காயவிடுவதும், துலுக்கச் சாமந்தியை மாற்றி நடுவதும் பழகிய பரிகாரம். வெண்டையில் நரம்பு மஞ்சளாகித் தேமல் விழுந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி. அதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கி அகற்ற வேண்டியதுதான். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா போன்ற, நோயைத் தாங்கும் வகைகள் பரவியதற்குக் காரணம் இதுவே. கத்திரியில் தளிர் நுனி தலைகுனிந்தால் உள்ளே புழு துளைத்திருக்கிறது. நுனியைக் கிள்ளி, துளைபட்ட காய்களையும் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். குப்பைக்குழியில் எறிந்தால் அங்கிருந்தே அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். அசுவினிக்கு அடுப்புச் சாம்பல், வேப்பெண்ணெய்க் கரைசல். பத்துக் குழிக்குள் இருக்கும் தோட்டத்தில் தினமும் நடந்து பார்க்கிற கண்ணே பெரிய மருந்து.

பறித்தது போகும் இடம் முதலில் வீட்டு அடுப்பு. இந்தக் கரையில் காய்கறியும் மீனும் ஒரே சட்டியில்தான் வேகின்றன. நெத்திலிக் கருவாட்டோடு கத்திரிக்காய், இறாலோடு சுரைக்காய், மீன் குழம்பில் முருங்கைக்காய் என்று கொல்லையும் கடலும் சேராத சமையல் குறைவு. கிழக்குக் கரையில் விசைப்படகு மீன்பிடிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மீன் விலை ஏறும் அந்த நாட்களில் கொல்லைக் காய்க்கு மதிப்புக் கூடும். வீட்டுக்குப் போக மிஞ்சியது கூடையில் ஏறிச் சாலையோரத்துக்கும் காலாப்பட்டுக்கும் போகும். அதிகமாக விளைந்தால் நகரத்துப் பெரிய மார்க்கெட்டான குபேர் அங்காடிக்குப் பேருந்தில் போகலாம். அங்கே மலையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வந்த மூட்டைகளுக்கு நடுவே, அன்று விடியலில் பறித்த வெண்டை காம்பின் பசுமையால் தனித்துத் தெரியும்.

இதே வட்டாரத்தில் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய ஒரு தோட்டம் காலாப்பட்டு மத்திய சிறைக்குள் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் சிறை வளாகத்திலிருந்த தரிசைச் சிறைவாசிகள் ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டியின் துணையோடு திருத்தி, இயற்கை முறையில் காய்கறியும் பழமும் விளைவித்து வருகிறார்கள். தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் ஒரு துண்டை ஏற்றுப் பயிரிடுவது என்ற ஏற்பாடு இந்தக் கரையில் மிகத் தெளிவாக நடைபெறும் இடம் அதுதான். இன்னும் சற்று மேற்கே, 1968இல் தொடங்கிய ஆரோவிலில் அரிபட்டுக் கிடந்த செம்மண்ணில் வரப்பெடுத்து, மழைநீரை மடக்கி, மரம் வளர்த்த பிறகே பண்ணைகள் உருவாயின. நிலத்தைத் தேற்றுவதற்கு உழைத்தால் அது காய்க்கும் என்பதற்கு இரண்டும் கண்ணெதிரே நிற்கும் சான்று.

கடல் இந்தத் தோட்டங்களை அழித்ததும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்ட புதுச்சேரிக் கடலோர ஊர்களில் கனகசெட்டிக்குளமும் ஒன்று. உயிரும் வீடும் படகும் போன துயரத்தின் முன் காய்கறிப் பாத்தியைப் பற்றிப் பேசுவதற்கில்லை. ஆயினும் கிணறும் கொல்லையும் உப்பாகிவிட்டது பின்னால் வந்த மாதங்களின் பெரிய கவலையாக இருந்தது. களிமண் நிலத்தில் உப்பு பல ஆண்டு தங்கும். மணல் அதைப் பிடித்து வைப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் கனத்த வடகிழக்குப் பருவமழை கடலோர மணலைக் கழுவிக் கொடுத்தது. தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது உப்பு நிலத்துக்கு வேளாண் துறையினர் சொல்லும் வழி. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது நகரத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. காற்றைத் தாங்கத்தான் கரையோரத்தில் சவுக்குப் பட்டையும், தோட்டத்தைச் சுற்றிப் பனையோலைப் படலும் வைக்கிறார்கள். உப்புக் காற்றில் முதலில் கருகும் அவரையும் பாகலும் படலுக்கு உள்பக்கம். கொத்தவரையும் கத்திரியும் வெளிப்பக்கம்.

புயலைவிட நிலையான அழுத்தம் சாலையிலிருந்து வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமான பிறகு அதன் இரு பக்கமும் தென்னந்தோப்புகள் மனைகளாகவும் விடுதிகளாகவும் மாறிவருகின்றன. மனையாகப் பிரித்த நிலத்தில் முதலில் போவது ஊற்றுக்குழி. அதைத் தூர்த்துச் சமப்படுத்திவிடுவார்கள். தளம் போட்ட இடத்தில் மழை மணலுக்குள் இறங்காது. ஆகவே ஒரு தோப்பு போவது அந்தத் தோப்போடு முடிவதில்லை. பக்கத்துக் கொல்லையின் கிணற்றிலும் நன்னீர் மெலியும். 4, 5 குழிக் கொல்லைகளை ஊரின் நீர் சேமிப்பாகவும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் திட்டம் புதுச்சேரிக்கு வேண்டும். அது ஆடம்பரமல்ல, இந்தக் கரையில் குடிநீருக்கே அடிப்படை.

ஆவணி பிறந்ததும் விதைக்கு விடும் வேலை தொடங்கும். நல்ல காய்ப்புள்ள, நோயில்லாத செடியில் நடுப்பறிப்புக் காய் ஒன்றிரண்டை அடையாளத் துணி கட்டி விடுவார்கள். வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது எடுக்கப்படும். கத்திரி மஞ்சளாகப் பழுத்து மெத்தென்றான பிறகு கரைத்துக் கழுவி, மூழ்கும் விதையை மட்டும் நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைப்பார்கள். சுரைக்குடுக்கையிலோ மண்கலயத்திலோ போட்டு வாயை அடைத்து அடுப்பங்கரையில் தொங்கவிட்டால் வண்டு விழாது. கடைக் கலப்பின விதையில் இப்படி எடுத்தால் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது என்பதால், ஊர்வகைகளுக்குத்தான் இந்த முறை.

புரட்டாசிக்குள் பந்தல் பிரிக்கப்படும். நனைந்த கொடியின் பாரத்தோடு மழைக்காற்றில் அது நிற்காது. ஆடியில் விதைத்த வெண்டையும் கொத்தவரையும் மழைக்கு முன் கடைசிப் பறிப்புக்கு வந்துவிடும். கத்திரி நின்று மழையைத் தாங்கும், தூரில் நீர் தேங்காத வரை. அதற்காகக் கோடைக்கு வெட்டிய பள்ளப் பாத்திகள் தூர்க்கப்பட்டு, இரு பக்கமும் வடிகால் எடுத்து மேட்டுப்பாத்திகளாக்கப்படுகின்றன. மட்கிய தேங்காய் மட்டையும் கீற்றும் அந்த மேட்டுக்குள் போகும். தைப் பட்டத்துக்கான நாற்று கார்த்திகைக் கடைசியில், கீற்றுக் கூரைக்கடியில் விதைக்கப்படும்.